மேரியோ பெட்டியிலிருந்து ஒரு ராக் கச்சேரி!

மஞ்சள் நிற கேசட்டை எடுத்து, அடிப்பக்கத்தில் 'உஃப்' என்று ஒருமுறை ஊதி, டி.வி கேம் பெட்டியில் அழுத்திச் செருகியவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. மேரியோ குதித்தால் 'டொய்ங்', காசு எடுத்தால் 'ட்டிங்', பள்ளத்தில் விழுந்தால் ஒரு சோகமான குட்டி ட்யூன். பக்கத்து அறையிலிருந்து "அந்த டொய்ங் டொய்ங்கை நிறுத்துறியா இல்லையா?" என்று அப்பாவின் குரலும் கூடவே கேட்கும்.

அந்த 'டொய்ங் டொய்ங்'கையே மேடையில் ஏற்றி, பக்கத்தில் இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ் செட்டை நிறுத்தி, இருபது வருடங்களாக இசை செய்துவருகிறது அமெரிக்காவின் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு குழு. பெயர் அனமனகுச்சி. பெயரைச் சொல்லிப் பழகவே இரண்டு நாள் ஆகும். பீட்டர் பெர்க்மன், ஏரி வார்னார், ஜேம்ஸ் டிவிட்டோ, லூக் சைலஸ் என நான்கு பேர். ஐந்தாவது ஆள்தான் கேம் பெட்டி.

பழைய கேம் கன்சோல்களின் ஒலி சிப்பை வைத்து உருவாக்கும் இசைக்கு 'சிப்ட்யூன்' என்று பெயர். தனியாக அதை மட்டும் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதை நிஜமான ராக் பேண்டோடு சேர்ப்பதுதான் கொஞ்சம் வில்லங்கமான வேலை. ஒரு பக்கம் சொன்னதை மட்டுமே செய்யும் மெஷின், இன்னொரு பக்கம் வியர்க்க விறுவிறுக்க வாசிக்கும் மனிதர்கள். இரண்டும் ஒட்டாவிட்டால் கல்யாண மண்டபத்தில் யாரோ மொபைலில் கேம் விளையாடுவதுபோல இருக்கும்!

ஐந்தே குரல்கள்

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற கன்சோலை வெளியிட்டது. 1985-ல் அதுவே உருவம் மாறி 'என்.இ.எஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. தொண்ணூறுகளில் நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்களில் விற்ற டி.வி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். அதனால் அனமனகுச்சியின் ஒலி, நியூயார்க் பையன்களுக்கு எவ்வளவு சொந்தமோ, அந்தப் பெட்டியில் கான்ட்ரா விளையாடிய மதுரைப் பையனுக்கும் அவ்வளவு சொந்தம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்பால் ஒரே நேரத்தில் ஐந்து குரல்களை மட்டுமே எழுப்ப முடியும். நாதஸ்வரக் கச்சேரி மாதிரி யோசித்துப் பாருங்கள். மெட்டு வாசிக்க இரண்டு பேர். இவைதான் 'பல்ஸ்' சேனல்கள். கூர்மையான, லேசாக மூக்கால் பாடுவது போன்ற ஒலி. கீழ் ஸ்தாயிக்கு ஒருவர். அது 'ட்ரையாங்கிள்' சேனல், மொழுமொழுவென்று ஒலிக்கும். இவருக்கு ஒரு விசித்திரம் உண்டு. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. ஒன்று வாசிப்பார், இல்லையென்றால் சும்மா இருப்பார். நான்காவது ஆள் 'நாய்ஸ்' சேனல். சிக்னல் இல்லாத டி.வி-யில் வரும் 'புஸ்ஸ்' சத்தம்தான் அவரிடம் இருக்கிறது. அதைத் துண்டுத் துண்டாக வெட்டிப்போட்டால் ஜால்ராவும் டிரம்ஸும் மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது சேனல், பதிவு செய்த சிறு ஒலிகளைக் கரகரப்பாகத் திருப்பிச் சொல்லும். 1988-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டின் தாள ஒலிகள் அப்படி வந்தவைதான்.

இதிலும் பங்கு போட வேண்டும். மேரியோ குதிக்கும்போது வரும் 'டொய்ங்' சத்தத்துக்குத் தனிச் சேனல் கிடையாது. பின்னணி இசையில் இருக்கும் ஒரு பல்ஸ் சேனலைத்தான் பிடுங்கிக்கொள்ளும். அந்த நொடியில் பாட்டின் ஒரு குரல் அறுந்துபோகும். விளையாட்டு மும்முரத்தில் நாம் யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

இடமும் இல்லை. 1985-ல் வந்த முதல் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். படம், பாட்டு, எல்லா உலகங்களும் சேர்த்து! காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். கோஜி கோண்டோ போன்ற இசையமைப்பாளர்கள் அந்த மிச்ச இடத்தில்தான் உலகமே முணுமுணுக்கும் ட்யூன்களைப் போட்டார்கள்.

இந்த நெருக்கடியில் பிறந்த ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கிட்டாரில் ஒரு கார்டு பிடித்தால் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் பெட்டியில் ஒரு கார்டுக்காக மூன்று சேனல்களைச் செலவழித்தால் மெட்டுக்கு ஆள் இருக்காது. அதனால் ஒரே சேனலில் ச-க-ப-ச-க-ப என்று கண் இமைக்கும் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். நொடிக்கு 60 முறை வரை மாற்றலாம். காது ஏமாந்து, அதை ஒரே கார்டாக எடுத்துக்கொள்ளும். கூடவே 'ட்ர்ர்ர்' என்று ஒரு மினுமினுப்பும் வரும். எந்த மனித விரலாலும் வாசிக்க முடியாத அந்த மினுமினுப்புதான் இன்று சிப்ட்யூனின் முத்திரை. பஞ்சத்துக்குச் செய்த சமையலை இன்று ஸ்பெஷல் அயிட்டமாக ஆர்டர் செய்து சாப்பிடுகிறார்கள்.

கிட்டாருக்கும் பெட்டிக்கும் என்ன உறவு?

கேம் சத்தத்தோடு புல்லாங்குழலையோ பியானோவையோ சேர்க்காமல் ராக் கிட்டாரை ஏன் சேர்த்தார்கள்? இதற்குப் பதில் ரசனையில் மட்டும் இல்லை, இயற்பியலிலும் இருக்கிறது.

கிட்டார் கம்பி அதிரும்போது வரும் ஒலி அலை, மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து போகும். அதை ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டு மட்டமாகிவிடும். ராக் பாடல்களில் கேட்கும் அந்தக் கரகர 'டிஸ்டார்ஷன்' இப்படிப் பிறப்பதுதான். அறுபதுகளில் பிரபலமான 'ஃபஸ்' பெடல்கள் இதை எல்லைவரை கொண்டுபோய், வளைந்த அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே ஆக்கின.

கேம் பெட்டியின் பல்ஸ் சேனல் பிறக்கும்போதே சதுரம். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல, மேலே அல்லது கீழே என்று இரண்டே நிலைகள்தான் அதற்கு. ஆக, முறுக்கேற்றிய கிட்டாரும் மேரியோவின் மெட்டும் ஒலி வடிவத்தில் பங்காளிகள். அனமனகுச்சியின் பாடலில் கிட்டார் எங்கே முடிகிறது, பெட்டி எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் குழம்பிப்போவீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

பங்காளிகள் என்றாலே சண்டையும் வருமே? இரண்டும் ஒரே ஸ்தாயியில் கத்தினால் கேட்பவருக்குத் தலைவலிதான். அதனால் பாகப்பிரிவினை நடக்கிறது. மேலே சிறகடிக்கும் வேகமான மெட்டுகள் பெட்டிக்கு. நடுவில் தடிமனான கார்டுகள் கிட்டாருக்கு. பெட்டியின் நாய்ஸ் சேனலால் 'டிக் டிக்' என்று மணிபோல் தட்ட முடியுமே தவிர, நெஞ்சில் இடிக்கும் அடியைத் தர முடியாது. அந்த வேலை டிரம்ஸுக்கு. பெட்டியிடம் இல்லாததை பேண்ட் தருகிறது. பேண்டால் வாசிக்க முடியாததைப் பெட்டி வாசிக்கிறது. ஒட்டுப்போட்ட அலங்காரமாக இல்லாமல் இந்தக் கூட்டணி நிற்பது இப்படித்தான்.

மெஷின் யாருக்காகவும் நிற்காது

இந்த இசையை எழுதுவதே தனிக் கலை. 'ட்ராக்கர்' என்ற வகை சாஃப்ட்வேரில், மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம்போல மேலிருந்து கீழாக வரிசைகள் இருக்கும். எந்த வரியில் எந்த ஸ்வரம், எவ்வளவு சத்தம், எவ்வளவு நடுக்கம் என்று எழுத்தும் எண்ணுமாக நிரப்ப வேண்டும். 1989-ல் வந்த கையடக்க 'கேம் பாய்' கன்சோலுக்கும் இப்படி சாஃப்ட்வேர்கள் உண்டு. ஜெர்மனியின் ஆலிவர் விட்ச்சோ உருவாக்கிய 'நானோலூப்', ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய 'எல்.எஸ்.டி.ஜே' இரண்டும் இந்த உலகில் பிரபலம். நான்கு திசைகளும் நான்கு பட்டன்களும் மட்டுமே உள்ள கருவியில், தீப்பெட்டி அளவுத் திரையைப் பார்த்து முழுப் பாட்டையும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மேடையில் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் காது கிடையாது. தவில்காரர் கொஞ்சம் இழுத்தால் நாதஸ்வரக்காரர் கண்ணாலேயே பேசிச் சரிசெய்வார். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெட்டியின் தாளத்தோடு டிரம்மர் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு அடி தவறினால் மெஷின் போய்க்கொண்டே இருக்கும், மனிதர்கள் நால்வரும் பின்னால் ஓட வேண்டியதுதான்.

'முன்கூட்டியே எழுதிவைத்ததை ஓடவிட்டு, கூட வாசிப்பது என்ன கச்சேரி?' என்ற கேள்வி எழத்தான் செய்யும். நியாயமான கேள்விதான். பெட்டி மட்டும் மேடையில் இருந்தால் அதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டமும்கூட. ஆனால், ரத்தமும் சதையுமான ஒரு டிரம்மர் அந்த ஈவிரக்கமில்லாத தாளத்தோடு மல்லுக்கட்டும்போது கிடைக்கும் பதற்றம் ஸ்டூடியோ பதிவில் கிடைக்காது. கச்சேரிக்கான காசு அந்த மல்லுக்கட்டுக்குத்தான்.

இலவசமாகக் கொடுத்தார்கள்... கோடியாகத் திரும்பியது!

பேண்டும் கேம் ஒலியும் சேர்ந்த கதை நியூயார்க்கில் தொடங்கியதல்ல. 1978-லேயே ஜப்பானின் 'யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா' தன் முதல் ஆல்பத்தை ஆர்கேட் விளையாட்டுச் சத்தங்களோடு தொடங்கியது. அதன் உறுப்பினர் ஹருவோமி ஹொசோனோ, 1984-ல் கேம் இசைக்கென்றே 'வீடியோ கேம் மியூசிக்' என்ற ஆல்பத்தைத் தயாரித்தார். 2003-ல், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' பேண்டின் முன்னாள் மேனேஜர் மால்கம் மெக்லாரன், 'வயர்ட்' பத்திரிகையில் சிப் இசையைப் புதிய பங்க் இயக்கம் என்று கொண்டாடி எழுதினார்.

நியூயார்க்கில் அதற்கு ஒரு வீடாக இருந்தது '8பிட்பீப்பிள்ஸ்' என்ற குட்டி லேபிள். 1999-ல் தொடங்கியது. பாடல்களை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது. 2006 முதல் 2012 வரை நடந்த 'பிளிப் ஃபெஸ்டிவல்' என்ற சிப் இசைத் திருவிழாவை நடத்தியதிலும் அதற்குப் பங்குண்டு. அனமனகுச்சியின் 'பவர் சப்ளை' 2006-லும், 'டான் மெட்ரோபோலிஸ்' 2009-லும் இந்த லேபிளில்தான் வந்தன.

இலவசமாகக் கொடுத்தால் சோற்றுக்கு என்ன வழி? 2013-ல் 'எண்ட்லெஸ் ஃபேன்டஸி' ஆல்பத்துக்காக, 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் ரசிகர்களிடம் 50,000 டாலர் கேட்டது குழு. வந்து சேர்ந்ததோ 2,77,399 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத, அதுவும் பெரும்பாலும் பாட்டில் வார்த்தைகளே இல்லாத ஒரு பேண்டுக்கு. அந்த ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாடலின் வீடியோவுக்காக ஒரு துண்டு பீட்சாவை பலூனில் கட்டி வானத்தின் விளிம்புவரை அனுப்பினார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது.

காணாமல்போன விளையாட்டு

அனமனகுச்சியைப் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது ஒரு கேம். கனடாவின் பிரையன் லீ ஓமாலி வரைந்த 'ஸ்காட் பில்கிரிம்' காமிக்ஸின் நாயகன், டொரன்டோவில் ஒரு சுமாரான பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். காதலியின் முன்னாள் காதலர்களோடு வீடியோ கேம் பாணியில் சண்டை போட வேண்டும், அதுதான் கதை. 2010-ல் சினிமாவாகவும், யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கேமாகவும் வந்தது. பேண்டும் கேமும் சேர்ந்த கதைக்கு, பேண்டும் கேமும் சேர்ந்த இசை. கேமுக்கு இசையமைக்க இவர்களைக் கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் நான்கு வருடம் கழித்து வந்தது. 2014 டிசம்பரில் அந்த கேம் டிஜிட்டல் கடைகளிலிருந்து காணாமல்போனது. டிஸ்க்காக விற்காத, டவுன்லோடாக மட்டுமே கிடைத்த விளையாட்டு அது. கடையிலிருந்து எடுத்துவிட்டால் புதிதாக யாராலும் வாங்கவே முடியாது. ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜனவரியில்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய மஞ்சள் கேசட் இன்னும் ஏதோ ஒரு பரண்மேல் கிடக்கிறது. 2010-ன் விளையாட்டு ஆறு வருடம் கண்ணிலேயே படவில்லை!

ஆனால், கேசட்காரர்களும் நிம்மதியாக இல்லை. கேம் பாயில் பாட்டு எழுதுபவர்களின் உழைப்பு, கேசட்டுக்குள் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரியின் தயவில்தான் பெரும்பாலும் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால், சேமித்த பாடல்கள் அத்தனையும் போச்சு. அவ்வப்போது கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைக்காதவர்கள் இதை அழுதுதான் கற்றுக்கொள்கிறார்கள். பழைய கன்சோல்களைப் புதிதாகத் தயாரிப்பதும் இல்லை. கெட்டுப்போன நான்கைப் பிரித்து நல்லதாக ஒன்றைச் சேர்ப்பவர்களும், ஒலி இன்னும் சுத்தமாக வர கேம் பாயைத் திறந்து தனி வயர் இழுப்பவர்களும்தான் இந்த இசையைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். ஹார்மோனியத்துக்கு ரிப்பேர்காரர் கிடைக்காமல் தவிக்கும் நம் ஊர் வித்வான்களுக்கு இந்த வலி புரியும்.

'கேம் மியூசிக்' என்று சொல்லாதீர்கள்!

இவர்களை 'கேம் பாட்டு பேண்ட்' என்று சொல்வது சுலபம். ஆனால், தங்களைப் பாதித்தது கேம் இசையைவிட 'வீசர்', 'பீச் பாய்ஸ்' போன்ற பாப், ராக் குழுக்கள்தான் என்று பெர்க்மன் சொல்லியிருக்கிறார். அவர்களைப் பொறுத்தவரை கன்சோல் இன்னொரு வாத்தியம். வயலின் மேற்கிலிருந்து வந்தது என்பதற்காகக் கர்னாடகக் கச்சேரியை யாராவது மேற்கத்திய இசை என்பார்களா என்ன?

அந்தப் பெயரிலிருந்து வெளியே வர அவர்கள் எடுத்த பாதை நேராக இல்லை. 2016-ல், ஜப்பானின் கம்ப்யூட்டர் பாடகி ஹட்சுனே மிக்குவின் குரலில் 'மிக்கு' என்ற பாட்டைப் போட்டு, அவரது வட அமெரிக்கக் கச்சேரிகளில் முதல் குழுவாக வாசித்தார்கள். இல்லாத பாடகிக்கு முன்னால் வாசித்த இருக்கும் பேண்ட்! 2019-ல் வந்த 'யு.எஸ்.ஏ' ஆல்பத்தில் கேம் பெட்டியின் கூர்மை குறைந்து, பனிமூட்டம்போல எலெக்ட்ரானிக் ஒலிகள் படர்ந்தன. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஸ்காட் பில்கிரிம் அனிமேஷன் தொடருக்கு, ஜோசப் ட்ரப்பனீஸோடு சேர்ந்து இசையமைத்து, பழைய வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தார்கள்.

2025-ல் 'எனிவே' வந்தது. இல்லினாய் மாநிலத்தின் அர்பானா ஊரில், 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற ராக் பேண்டின் 1999 ஆல்பம் அட்டையில் இருக்கும் அதே வீட்டில் நால்வரும் தங்கி எழுதிய பாடல்கள் அவை. கிட்டாரும் மனிதக் குரலும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. வருடக்கணக்கில் பெட்டியைப் பாடவிட்டவர்கள், இப்போது தாங்களே பாடுகிறார்கள்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 'எண்ட்லெஸ் ஃபேன்டஸி'யில் தொடங்குங்கள். பிடித்திருந்தால் பின்னால் போய் 'டான் மெட்ரோபோலிஸ்', அதன் பிறகு 'எனிவே'. மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அந்த மொழுமொழு ட்ரையாங்கிள் சேனல் அதில் சரியாகக் கேட்காது, வெறும் 'கீச் கீச்' மட்டும்தான் மிஞ்சும். ஹெட்செட் மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்கும் அதுதான் நல்லது.